வகுப்புக்கு வந்த வாப்பா

பீடித் தட்டை மடியில் எடுத்து வைத்துவிட்டால் ஹைருன் பீவியின் விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும். இலையில் தூளை வைக்கும், சுருட்டும், மடக்கும், நூலைச் சுற்றும். கண்ணுக்கும் காதுக்கும் அங்கே வேலையே கிடையாது. அந்தக் கண்ணையும் காதையும் அவள் அந்த வருஷம் மகளுடைய ஆறாம் வகுப்புக்குக் கொடுத்திருந்தாள்.

பள்ளிக்கூடங்கள் எல்லாம் இரண்டாவது வருஷமாகப் பூட்டிக் கிடந்த நேரம் அது. குற்றாலத்தில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. குளிக்கத்தான் யாரையும் விடவில்லை. சாரல் மட்டும் யாரிடமும் கேட்காமல் தென்காசி வரை வந்து ஜன்னல் கம்பிகளை நனைத்துவிட்டுப் போனது. அந்த ஜன்னலை ஒட்டித்தான் மாடி வீட்டில் சிக்னல் கிடைக்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் கவிழ்த்து வைத்த அரிசிச் சம்படம், சம்படத்தில் சாய்த்து வைத்த செல்போன். சஃப்ரினின் பள்ளிக்கூடம் அவ்வளவுதான். மேலே யூனிபார்ம் சட்டை, கீழே வீட்டுப் பாவாடை, ரிப்பன் வைத்துப் பின்னிய இரட்டைச் சடை. வருகைப் பதிவில் தன் பெயர் வந்ததும் எழுந்து நின்று “பிரசன்ட் சார்” என்பாள். எழுந்தால் போனில் பாவாடைதான் தெரியும் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டாள்.

வீட்டில் இருந்தது அந்த ஒரு போன்தான். ஹைருனின் கணவர் மசூது சார்ஜாவிலிருந்து யாரிடமோ கொடுத்துவிட்டது.

மசூது குற்றாலத்தில் பழக்கடை வைத்திருந்தவர். அருவிக்குப் போகும் ரோட்டில், சீசன் நாளில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்துக்கொண்டு, போகிற பெண்களையெல்லாம் “வாங்கக்கா, திங்காமப் போனா குளிச்ச புண்ணியம் சேராதுக்கா” என்று கூப்பிட்டுச் சிரிக்க வைத்து வியாபாரம் பண்ணுவார். பண்பொழியிலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஹைருன், தன் புருஷன் பேச்சை விற்கிறாரா பழத்தை விற்கிறாரா என்று தெரியாமல் முதல் வருஷம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறாள். சீசன் முடிந்தால் கடையும் முடிந்தது. மீதி மாதங்களுக்கு என்ன செய்வது? சஃப்ரின் பள்ளிக்கூடத்தில் காலெடுத்து வைத்த வருஷம் மசூது விமானம் ஏறினார். சார்ஜாவின் காய்கறி மார்க்கெட்டில் இரவு முழுக்க மூட்டை இறக்கும் வேலை. காலையில் அறைக்கு வந்து, அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் உடம்பைச் சாய்ப்பார். மேல்தட்டில் கடையநல்லூர் அப்துல் மஜீது.

அந்த நாட்டில் வாட்ஸப்பில் எழுதலாம். குரலைப் பதிந்து அனுப்பலாம். முகம் பார்த்துப் பேச முடியாது. மாதாமாதம் தனியாகக் காசு கட்டினால் அதற்கு வேறு வழி உண்டு. மசூது அந்தக் காசையும் வீட்டுக்கே அனுப்பிவிடுவார். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் குரலால்தான் குடும்பம் நடத்தினார்கள். இவள் பீடி சுற்றிக்கொண்டே பேசி அனுப்புவாள். அவர் மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் பதில் போடுவார். பள்ளிக்கூடத்திலிருந்து எது வந்தாலும் ஹைருன் அதை அப்படியே அவருக்குத் தள்ளிவிடுவாள். வீட்டுப்பாடம், மார்க், ஆண்டு விழா ரத்து என்ற அறிவிப்பு, எல்லாம் போகும். அவரும் அதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, வகுப்பில் சேருவதற்கான லிங்க் வந்தது. பழக்க தோஷம், அதையும் தள்ளிவிட்டாள். வாட்ஸப்பில் முகத்தைத் தடுத்த அந்த நாடு, கொரோனாவுக்காக இந்த வகுப்பு ஆப்பை மட்டும் திறந்துவிட்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

சிறிது நேரத்தில் ஜெபஸ்டின் சாரின் குரல் போனில் கேட்டது.

“யாருப்பா அது மசூது? நம்ம கிளாஸ்ல மசூதுன்னு எவனும் கிடையாதே. ஏலே, எவம்லே அண்ணன் போனைத் தூக்கிட்டு வந்து உக்காந்திருக்கது?”

ஹைருனின் விரல்கள் நின்றன. எட்டிப் பார்த்தாள். சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகளின் முகங்கள். கடைசிக் கட்டத்தில், கை வைத்த பனியனும் வாராத தலையுமாக, பின்னால் கொடியில் தொங்கும் கைலிகளோடு, அவளுடைய புருஷன்!

“சார், நான் சஃப்ரினோட வாப்பா சார். சார்ஜாவுலேருந்து.”

“சார்ஜாவா! என்ன விஷயமா வந்திய அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்ல சார். வீட்டுலேருந்து என்னமோ அனுப்பியிருந்தா, அமுக்கினேன், உள்ள வந்து விழுந்துட்டேன். பிள்ளையப் பாத்து நாளாச்சு சார். ஓரமா இருந்து பாத்துட்டுப் போயிருதேன்.”

அந்த மனுஷன் குரலில் என்ன கேட்டதோ, சாரும் பிள்ளை பெற்றவர்தானே! “சரி, இருங்க. மைக்க மட்டும் அமத்தி வச்சுக்கிடுங்க” என்றார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்து போன வாப்பாவின் முகம் மறுபடி அசைவதைப் பார்த்த சஃப்ரின், வாயைப் பொத்திக்கொண்டு தாயைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் நின்ற வெளிச்சத்தை இன்னதென்று சொல்ல முடியாது. ஹைருன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். அழுவதை மகளிடம் காட்டக்கூடாதே!

அன்றிலிருந்து மசூதும் ஆறாம் வகுப்பில் படித்தார். இரவெல்லாம் மூட்டை இறக்கிய உடம்பு. காலையில் தூங்காமல் போனைத் தலையணையில் சாய்த்துக்கொண்டு பாடம் கேட்பார். சின்ன வயதில் ஆறாம் வகுப்போடு நின்றவர். “விட்ட எடத்துலேருந்து படிக்கேன் ஹைரு. இந்தப் பின்னக் கணக்குக்குப் பயந்துதான் அன்னைக்கு ஓடினேன், அது இன்னும் அங்கனயே நிக்கிட்டி” என்று குரல் அனுப்புவார். கீழ்வீட்டுச் சண்முகசுந்தரி படியேறி வந்து, “ஏ ஹைருன், ஒங்க வீட்டுக்காரரு முழுப்பரிச்ச எழுதுதாராமே? பாத்துக்கோ, மகள விடக் கூட மார்க் வாங்கிரப் போறாரு” என்று கேலி பண்ணிவிட்டுப் போவாள். ஹைருனும் சிரிப்பாள். பல வருஷங்களாகப் பூட்டிக் கிடந்த சிரிப்பு அது.

ஆனால் மைக்கை அமர்த்துவது மசூதுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கணக்குப் பாடத்தின் நடுவே “ஏலே மஜீது, சாயா எங்கலே?” என்று கேட்கும். வேறொரு நாள் மஜீதின் குறட்டை வகுப்பு முழுக்கக் கேட்டது. “அண்ணாச்சி, அது யாரு, புது வாத்தியாரா?” என்று சார் கேட்க, பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். சஃப்ரினும் சிரித்தாள். அப்போது சிரித்தாள்.

ஒருநாள் சார், “தாமிரவருணியில வந்து சேருத ஆறு ஒண்ணு சொல்லுங்க பாப்போம்” என்றார். பிள்ளைகள் யோசிப்பதற்குள் கடைசிக் கட்டத்திலிருந்து பதில் பாய்ந்து வந்தது.

“சித்தாறு சார்! குத்தாலத்துல விழுது பாருங்க, அதான். நம்ம பழக்கடைக்குப் பின்னாலதான சார் ஓடுது! ஒருக்கா ரம்புட்டான் கூடையே அதுல போயிட்டு!”

சார் சிரித்துக்கொண்டே சரி என்றார். பிள்ளைகள் விடவில்லை. அன்று சாயங்காலமே வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸப் குரூப்பில் மசூதின் பனியன் முகம் படமாகிச் சுற்றியது. கீழே ‘லாஸ்ட் பெஞ்ச் மசூது’ என்று எழுத்து. ஒருவன் ‘அண்ணாச்சி, ரம்புட்டான் கிலோ என்ன விலை?’ என்று போட்டான். இன்னொருத்தி ‘சஃப்ரின், உங்கப்பா குளிக்கவே மாட்டாரா?’ என்று கேட்டாள்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் சஃப்ரின் போனைக் கவிழ்த்துப் போட்டாள்.

“உம்மா, வாப்பாவ வர வேண்டாம்னு சொல்லு.”

“ஏட்டி, என்ன பேச்சு பேசுத?”

“எல்லாரும் சிரிக்காங்க. எம்பேரச் சொல்லிக் கூப்பிடவே மாட்டேங்காங்க, ரம்புட்டான்னுதான் கூப்பிடுதாங்க. ஒரு சட்ட போட்டுட்டு வரக்கூடாதா? பேசாம இருக்கக்கூடாதா? வாப்பா வந்தா நான் இனிமே கிளாஸ்ல உக்கார மாட்டேன். சத்தியமா உக்கார மாட்டேன்.”

“ராவெல்லாம் முதுகொடிய சொமந்துட்டு வந்து, ஒன்னப் பாக்கணும்னு தூங்காம இருக்க மனுஷம்ட்டி அது.”

“நானா தூங்க வேண்டாம்னு சொன்னேன்?”

பதினோரு வயதுப் பிள்ளை. அடிக்க ஓங்கிய கையை ஹைருன் இறக்கிக்கொண்டாள். பிள்ளையின் மூக்கு சிவந்து உதடு துடித்துக்கொண்டிருந்தது. அது திமிரல்ல, அவமானம். பண்பொழியில் தான் படித்த காலத்தில் கிழிந்த தாவணிக்காகப் பெண்கள் சிரித்த நாள் அவளுக்கு மறந்தா போயிற்று? “சரி, நான் பாத்துக்கிடுதேன். முகத்தக் கழுவு” என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் சஃப்ரின் தூங்கிய பிறகு குரல் பதிந்து அனுப்பினாள். அழித்து அழித்துப் பதிந்தாள். கடைசியில் வந்தது இதுதான்:

“மச்சான்... பிள்ள ஒண்ணு சொல்லுதா. கூடப் படிக்கதுக எல்லாம் கேலி பண்ணுதாம். அவளுக்கு வெக்கமா இருக்காம். கொஞ்ச நாளைக்கு நீங்க கிளாஸுக்கு வர வேண்டாம். மனசுல வச்சுக்கிடாதீங்க. சின்னப் பிள்ளதான?”

பதில் உடனே வந்தது. முதலில் சிரிப்பு.

“ஏ கழுத, இதுக்குப் போயா இம்புட்டு இழுத்து இழுத்துப் பேசுத? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். பிள்ளைக்கு வெக்கம் வந்துட்டுன்னா வளந்துட்டான்னு அர்த்தம்ட்டி. சஃப்ரின் வர வேண்டாம்னா வரல, அவ்வளவுதான? அவளத் திட்டிராத. வாப்பா வருத்தப்பட்டாருன்னும் சொல்லிராத, என்ன? ஆறாங் கிளாஸ ரெண்டாந் தடவையும் பாதியிலேயே விடுதேன் பாரு...”

மறுபடியும் சிரிப்பு. சிரிப்பின் முடிவில் இருமல்.

“இருமுதிய?” என்று கேட்டு அனுப்பினாள். ஏசிக் காற்று என்று எழுதினார்.

அதற்குப் பிறகு ஹைருன் லிங்க்கைத் தள்ளிவிடவில்லை. அவரும் கேட்கவில்லை. கடைசிக் கட்டம் இல்லாமல் வகுப்பு நடந்தது. பிள்ளைகள் வேறு யாரையோ கேலி பண்ணப் போய்விட்டார்கள். சஃப்ரின் தலை நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிள்ளை முகம் தெளிந்துவிட்டதே என்று தாய் நிம்மதியானாள். அந்த நிம்மதி எத்தனை நாளைக்கு? மசூதின் குரல் வருவது நின்றது. வந்தால் எழுத்தில் ஒரு வரி, இரண்டு வரி. ‘வேல கூட, அதான்’ என்று எழுதுவார். குரலில் சொன்னால் இருமல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் அந்த மனுஷன் எழுதினார் என்பது இந்தப் பேதைக்கு எப்படித் தெரியும்?

ஒரு காலையில், அறிவியல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. சஃப்ரின் சலித்துக்கொண்டே எடுத்து வந்து நீட்டினாள்.

“உம்மா, மஜீது சாச்சா. சீக்கிரம் பேசிட்டுத் தா. சார் முக்கியமான கேள்வி சொல்லுதாரு.”

ஹைருன் தட்டை மடியிலிருந்து இறக்காமலே போனைக் காதில் வைத்தாள். அடுத்த கணம் இலையும் தூளும் தரையெல்லாம் சிதறின. அவள் போட்ட சத்தத்தில் சண்முகசுந்தரி சோற்றுக் கையோடு படியேறி ஓடி வந்தாள்.

காய்ச்சல் என்று போன மனுஷன், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டிவிட்டதாம். ஊருக்கு அனுப்ப வழி இல்லை என்று அங்கேயே அடக்கிவிட்டார்கள். எந்த மண்ணில் என்றுகூட அவள் கண்ணால் பார்க்கவில்லை. முகம் பார்க்கவில்லை, கை தொடவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. ஒரு போன் வந்தது; அதோடு பன்னிரண்டு வருஷக் குடும்பம் முடிந்துவிட்டது.

ஹைருன் வெள்ளைச் சேலை கட்டி இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது. மசூதின் அக்கா ரஹ்மத் வந்து கூட இருந்து, கடை கண்ணிக்குப் போய் வந்தாள். ஊருக்கெல்லாம் கொரோனாவால் கதவு பூட்டியிருந்தது. ஹைருனுக்குக் கதவுக்குள் இன்னொரு கதவு. போனில் வேற்று ஆண் முகம் கண்ணில் படக்கூடாதென்று நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் ஜன்னலோரம் மகளின் வகுப்பு.

சஃப்ரின் அழுதாள், எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் அழுதாள். அத்தையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். கொடுத்தால் சாப்பிட்டாள். கேமராவை அணைத்துவிட்டு வகுப்பில் உட்காரவும் ஆரம்பித்துவிட்டாள். தேறிவிடுவாள் என்று ஹைருன் நம்பினாள். தனக்குப் போனது போகட்டும், பிள்ளை தேறினால் போதும் என்பதுதான் அவளுடைய ஒவ்வொரு தொழுகையிலும் இருந்த ஒரே துஆ.

அந்த நேரத்தில்தான் மஜீது மறுபடியும் கூப்பிட்டான். தம்பியின் கடைசி நாட்களைப் பற்றித் தானும் கேட்க வேண்டும் என்று ரஹ்மத் சொன்னாள். ஹைருன் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“நல்ல மனுஷன் மைனி. காய்ச்சல்லயும் யாருக்கும் தொந்தரவு குடுக்கல. காலையில ஆனா மட்டும் போன நெஞ்சு மேல வச்சிட்டு முழிச்சே கிடப்பாரு. ‘என்ன மசூது காக்கா, பாடம் கேக்கலியா?’ன்னேன். ‘பள்ளிக்கூடத்துல லீவு வுட்டுட்டாங்கலே’ன்னாரு. ‘எப்பத் தொறப்பாங்க?’ன்னேன். ‘பெரிய லீவு மஜீதே’ன்னுட்டு அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு...”

திரைக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது. தண்ணீர் குடிக்க வந்த சஃப்ரின், கையிலிருந்த கண்ணாடி டம்ளரைப் போட்டுவிட்டு நின்றாள். ஹைருன் திரையை விலக்கி அவள் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. லீவு யார் விட்டது என்று புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து பிள்ளை சாப்பிடவில்லை. ரஹ்மத் ஊட்டினால் துப்பினாள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் இல்லை. “என்னட்டி செய்யுது?” என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் அஸர் தொழுத பிறகு, தொழுகை விரிப்பில் நெற்றியை வைத்தபடி அவள் முணுமுணுப்பதைத் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து ஹைருன் கேட்டாள்.

“யா அல்லா, வாப்பாவுக்கு நாந்தான் லீவு வுட்டேன். நாந்தான் வுட்டேன். என்னையும் கூப்பிட்டுக்கோ.”

பெற்ற வயிறு எப்படித் தாங்கும்! ஓடிப்போய் அள்ளிக்கொள்ளத்தான் எழுந்தாள். ‘நீ சின்னப் பிள்ளைட்டி, ஒம்மேல தப்பில்ல’ என்று ஆயிரம் தடவை சொல்லலாம். பிள்ளை நம்புமா? அந்த இடத்தில் இருந்தால் ஹைருனே நம்பமாட்டாளே! பண்பொழியில் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருபது வருஷம் கழித்தும் காதில் கேட்கிறது. இந்தப் பிள்ளை காதில் ‘பெரிய லீவு மஜீதே’ என்பது எத்தனை வருஷம் கேட்கும்? புகுந்த வீட்டில், கல்யாண மேடையில், பிள்ளை பெறும் அறையில், எல்லா இடத்திலும் கேட்குமே! பழியை யாராவது சுமந்துதான் ஆகவேண்டும். சுமக்கிற தோள் எது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு யோசிக்கவா வேண்டும்?

சாரல் இறங்கியது. மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்க ரஹ்மத் சஃப்ரினையும் கூட்டிக்கொண்டு போனாள். ஹைருன் போனை எடுத்தாள்.

மசூதின் பெயரைத் தொட்டாள். மேலே தள்ளினாள். தன் குரலைக் கண்டுபிடித்தாள். ‘பிள்ள ஒண்ணு சொல்லுதா’ என்று தொடங்கும் குரல். அது இருக்கக்கூடாது. அழித்தாள்.

கீழே அவருடைய பதில் இருந்தது.

அதில் ‘சஃப்ரின் வர வேண்டாம்னா வரல’ என்று இருக்கிறது. அதுவும் இருக்கக்கூடாது. அவர் சிரித்து அனுப்பிய கடைசிக் குரல் அதுதான். அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் வெறும் எழுத்து. போனைக் காதோடு ஒட்டி, சத்தத்தைக் குறைத்து ஒரு தடவை கேட்டாள். ‘ஏ கழுத’ என்றார். சிரித்தார். இருமினார். இன்னொரு தடவை கேட்டாள். படியில் காலடி கேட்டது. “மச்சான், மன்னிச்சிருங்க. பிள்ளைக்காகத்தான்” என்று போனுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, அந்தக் குரலின்மேல் விரலை அழுத்தினாள். நிச்சயமா என்று போன் கேட்டது. நிச்சயம் என்றாள். புருஷனை அன்றைக்குத்தான் அவள் தன் கையால் அடக்கம் செய்தாள்.

துணிக் குவியலோடு இருவரும் உள்ளே வந்தார்கள்.

“சஃப்ரின், இங்கன வா. ஒன் வாப்பா ஏன் கிளாஸுக்கு வரலன்னு தெரியணும்லா? நாந்தான் வர வேண்டாம்னேன்.”

பிள்ளை நிமிர்ந்தாள். “நான் சொன்னேன்லா, அதச் சொன்னியா?”

“நீ சொன்னத நான் சொல்லவே இல்ல. நீ வந்து அழுததுக்கு முன்னாடியே, அன்னைக்குக் காலையிலயே போனப் போட்டுச் சொல்லிட்டேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு. கூடப் படிக்க பிள்ளைகளோட தாய்மாரெல்லாம் பாக்காளுக. பனியனும் பரட்டத் தலையுமா வந்து உக்காந்து, பழக்கடை, கூடைன்னு பேசிட்டு. எனக்கு அசிங்கமா இருந்துச்சு. அதான் வராதீங்கன்னேன்.”

சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லும் அவள் நாக்கைச் சுட்டது. ரஹ்மத்தின் கையிலிருந்து துணி நழுவி விழுந்தது.

“என்ன சொன்ன? எந்தம்பிய அசிங்கம்னா சொன்ன? ஏழு கடல் தாண்டிப் போயி சொமந்து ஒனக்குக் கஞ்சி ஊத்தினவன்ட்டி அவன்! ஒனக்கு அவன் பனியன் அசிங்கமாப் போச்சோ?”

“ஆமா மைனி. தப்புதான்.”

சஃப்ரின் பாய்ந்து போனை எடுத்தாள். மேலும் கீழும் தள்ளி, அந்த நாட்களின் குரல்களைப் போட்டுப் போட்டுக் கேட்டாள். தான் வர வேண்டாம் என்ற பேச்சு எங்கும் இல்லை. தாயைப் பார்த்தாள். ஒரு வாரமாகக் கல்லாக இருந்த பிள்ளை வாய்விட்டு அலறினாள்.

“நீதானா? நீதான் சொன்னியா? நான்னு நெனச்சேனே உம்மா! நாந்தான்னு நெனச்சேனே! ஏன் சொன்ன? வாப்பாவ ஏன் சொன்ன?” கையால் தாயின் நெஞ்சில் குத்தினாள், தோளில் குத்தினாள். ஹைருன் தடுக்கவில்லை. குத்தக் குத்தப் பிள்ளையின் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. “எங்கிட்டப் பேசாத. இனிமே எங்கிட்டப் பேசவே பேசாத!”

அன்று ராத்திரி ரஹ்மத் ஊட்ட, சஃப்ரின் தேம்பித் தேம்பிக்கொண்டே சாப்பிட்டாள். திரைக்குப் பின்னால் இருந்து ஹைருன் ஒவ்வொரு வாயையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரஹ்மத் சும்மா இருப்பாளா? சொந்தம் முழுக்கத் தெரிந்தது. ஃபாத்திஹா ஓத வந்த பெண்கள் ஹைருனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். சண்முகசுந்தரி மட்டும் ஒருநாள், “நீ அப்படிப்பட்டவ இல்லயே ஹைருன்? புருஷன் மொகத்தப் பாத்துட்டு அடுப்படியில ஒக்காந்து அழுதவளாச்சே” என்றாள். ஹைருன் அவளுக்கும் பதில் சொல்லவில்லை. ஒருத்தியிடம் சொன்னால் அது படி இறங்கிப் படி ஏறி மகளிடம் வந்துவிடும்.

மகள் பேசவில்லை. கணக்கு போட்டாள், படித்தாள், சண்முகசுந்தரி வீட்டுப் பிள்ளைகளோடு பாண்டி ஆடினாள். தாயிடம் மட்டும் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அத்தையிடம் கேட்டாள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே ஜன்னலின் காற்றைக் குடித்துக்கொண்டு, இத்தா முடியும்வரை ஹைருன் தன் மகளின் முதுகைப் பார்த்தபடியே இருந்தாள்.

இத்தா முடிந்த சில நாளில் பள்ளிக்கூடம் திறந்தது. ரஹ்மத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளை வளர்ந்திருந்தாள், யூனிபார்ம் சட்டை கையில் ஏறியிருந்தது. சடை பின்ன ஆள் இல்லாமல், வேறு வழியின்றித் தாயின் முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எத்தனை மாதமாயிற்று அந்த முடியைத் தொட்டு! ஹைருன் அவசரப்படாமல் வாரினாள். முதல் சடைக்கு ரிப்பன் கட்டிவிட்டு அடுத்ததை எடுக்கும்போது, அத்தனை மாதங்களுக்குப் பிறகு, பிள்ளை வாயைத் திறந்தாள்.

“வர வேண்டாம்னு நீ சொன்னப்ப, வாப்பா கோவப்பட்டாரா?”

“இல்ல. சிரிச்சாரு.”

“வாய்ஸ் போட்டாரா?”

“ம்.”

“எங்க? நான் பாத்தப்ப இல்லயே. எனக்குக் கேக்கணும்.”

“இல்லட்டி. அழிச்சிட்டேன்.”

சடை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டது. சஃப்ரின் திரும்பி உட்கார்ந்தாள். அந்தக் கண்களைச் சந்திக்க முடியாமல் ஹைருன் சீப்பிலிருந்த முடியைச் சுருட்டினாள்.

“அதையும் அழிச்சிட்டியா? வாப்பா சிரிச்சத?” சீப்பைப் பிடுங்கிக் கீழே போட்டாள். “என்ன சொன்னாரு? அதையாவது சொல்லு. ஒரு வார்த்தையாவது சொல்லு உம்மா.”

ஒவ்வொரு சொல்லும் இருந்தது. எந்த இடத்தில் சிரித்தார், எந்த இடத்தில் மூச்சு வாங்கினார், எந்தச் சொல்லை விழுங்கினார், எல்லாம் இருந்தது. தூங்காத ராத்திரிகளில் அதைத்தானே அவள் ஓதிக்கொண்டு கிடக்கிறாள்! அதில் எந்த வரியை எடுத்தாலும் மகள் சொன்னது வெளியே வந்துவிடுமே. எதை எடுத்துக் கொடுப்பாள்?

“மறந்துட்டு” என்றாள்.

சஃப்ரின் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒரு சடை பின்னியும் ஒரு சடை விரிந்துமாக, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். தெருவில் கூடப் படிக்கும் பெண் ஒருத்தி கூப்பிட, அவளோடு சேர்ந்து நடந்தாள். முனை திரும்புவதற்குள் அந்தப் பெண் ஏதோ சொல்ல, சஃப்ரின் சிரித்தாள்.

மாடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய்க்கு அந்தச் சிரிப்பு கேட்டது. அவள் அழித்த அந்தக் குரலில் மசூது சிரித்த சிரிப்பு போலவே அச்சாக இருந்தது. இதைச் சொல்லிக்கொள்ளத்தான் அவளுக்கு உலகத்தில் ஆள் இல்லை.